பிச்சைக்கனி கடைச் சுவரோரம் ஒரு செப்புத் தகடு

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.
வியாழக்கிழமை, காலை

என்றும் என் மரியாதைக்குரிய லிங்கம் அண்ணனுக்கு,

தங்கை பொன்னம்மை கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஸ்ரீலட்சுமியும் சுகம். புது வெல்டிங் மிஷினும் சுகம். அங்கே உங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கரும் மதினியின் முழங்காலும் வடசேரி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் நல்லபடி இருக்கப் பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "அண்ணே, அது வந்து" என்று தொடங்குவதற்குள் "நீ சும்ம கெட பொன்னம்ம" என்று சொல்லி நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மதினி எடுத்து மிச்சத்தைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டின்போது உங்களிடம் கேட்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டாறு பால்பாண்டியைக் கூட்டிவந்து, நம் பட்டறையை அவருடைய பிளாஸ்டிக் குடத்துக்கும் வாளிக்கும் குடோனாகப் பேசி முடிக்கப் போவதாகச் சொன்னீர்கள். கட்டடம் அப்பாவுக்குப் பிறகு உங்கள் பேரில் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய வெல்டிங் மிஷின் உங்கள் மாப்பிள்ளையைத் தூக்கிச் சிமெண்ட் மூட்டைமேல் எறிந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நீங்கள் அழுததையும், "அந்தக் கரண்டு சனியன் இனி நம்ம குடும்பத்துக்கு வேண்டாம்" என்று சொன்னதையும் நான் மறக்கவில்லை. அது பாசம். ஆனால் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்புப் படித்து, வகுப்பில் அத்தனை ஆம்பிளைப் பையன்களுக்கும் நடுவில் நின்று பாசாகி வந்திருக்கிற என் மகள் ஸ்ரீலட்சுமியின் தொழிலைப் பிளாஸ்டிக் வாளிகளுக்கு அடியில் அமுக்கி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பட்டறை போனால் அவள் பழையபடி ஜவுளிக்கடையில் சேலை மடிக்கத்தான் போக வேண்டும். ஆகவே பால்பாண்டியைக் கூட்டிவர வேண்டாம். கூட்டிவந்தே தீருவேன் என்றால், முதலில் இந்தக் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஏனென்றால் நான் பக்கத்து அரிசிக்கடைப் பிச்சைக்கனிக்குச் செய்வினை வைத்துவிட்டதாகச் சாலை முழுக்க ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. லாரிக்காரர்கள் வழியாக அது கோட்டாறுக்கும் வந்து சேரும். அது முழுப் பொய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெல்டிங் சனியன் இல்லை. பழைய மிஷினுக்கு எர்த்து இல்லை, அதுதான் சனியன். எர்த்து என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை அண்ணே. மிஷினின் இரும்பு உடம்பில் கரண்டு கசிந்தால், அது தொட்டவன் உடம்பு வழியாகப் போகாமல் நேரே மண்ணுக்குள் போவதற்கு ஒரு தனி வழி. அன்று அந்த வழி இல்லை, உங்கள் மாப்பிள்ளைதான் வழியாக இருந்தார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் முடிவு செய்துவிட்டேன், இனி நம் பட்டறையில் எந்த மிஷினும் அதனுடைய புத்தகத்தில் போட்டிருக்கிறபடிதான் உட்காரும், எழுந்திருக்கும். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. ஸ்ரீலட்சுமி வாசித்து அர்த்தம் சொல்ல, நான் அடுப்படியில் நின்று கேட்டேன். இரண்டு தடவை குழம்பு அடிப்பிடித்தது.

மிஷின் வந்து இறங்கியது. மூன்று பேஸ் கரண்டில் ஓடுகிற பெரிய மிஷின், நம் அரிசிப் பத்தாயத்தில் பாதி இருக்கும். இறங்கியவுடனே உங்கள் மாப்பிள்ளை, "கன்னிமூலையில வைங்க, கனமெல்லாம் அங்கதான் இருக்கணும்" என்று நின்றார். நம் பட்டறையின் தகரக்கூரை ஒழுகுகிற ஒரே இடம் அந்தக் கன்னிமூலைதான். இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும், எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. புத்தகத்திலோ, ஈரம் படாத இடம், நாலு பக்கமும் காற்றோட்டம், சுவரை ஒட்டக் கூடாது என்று போட்டிருக்கிறது. "கன்னிமூலைக்கு அந்த ஆட்டுக்கல்லைத் தூக்கி வச்சிக்கிடுங்க, கனம் போரும்" என்று சொல்லி மிஷினை நடுவில் வைத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டுக்கல்லை உருட்டிக் கொண்டுபோய் வைத்தார். அடுத்து பூஜை. நான் குளித்து வருவதற்குள் மிஷினுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, எச்சரிக்கை எழுதியிருந்த இடமெல்லாம் சந்தனம் அப்பி, தேங்காயைக் கையில் ஓங்கிக்கொண்டு நிற்கிறார், மிஷின் தலையில் உடைப்பதற்கு! மாலை தொங்கியது சரியாக விசிறி காற்றை இழுக்கிற சல்லடையின்மேல். ஓட விட்டிருந்தால் பூவெல்லாம் உள்ளே போய் மிஷின் மூச்சுமுட்டி நின்றிருக்கும். தேங்காயைப் பிடுங்கி, ஆட்டோ பிடித்துப் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையார் முன்னால் உடைத்துவிட்டு வந்தேன். தேங்காய்த் தண்ணீரைத் தாங்குகிற சக்தி பிள்ளையாருக்கு உண்டு, மிஷினுக்கு இல்லை.

கரண்டு வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் சுஜின் வந்தான். மலையாளத்துப் பையன், நல்ல குணம், நம் தமிழும் அவன் மலையாளமும் கலந்து என்னவோ ஒன்று பேசுவான். மிஷினுக்கென்று தனி ஸ்விட்ச், தனி பிரேக்கர், தடித்த கேபிள் எல்லாம் போட்டான். ஸ்விட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போடச் சொல்லிச் சாவியை நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகு எர்த்துக்குழி. பின்முற்றத்தில் பகலெல்லாம் சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டை இறக்குவார்கள் என்பதால், விடிவதற்கு முன்னால் ஆள் வைத்து, பிச்சைக்கனியின் அரிசிக்கடைச் சுவரோரமாக ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் கனத்த செப்புத் தகட்டை நிறுத்தி, சுற்றிலும் உப்பும் கரியும் அடுக்கி, பச்சை உறை போட்ட கம்பியை மேலே இழுத்து, மண்ணைப் போட்டு மூடினோம். மண் காயக்கூடாது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றான் சுஜின். அந்தப் பொறுப்பை உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கண்ணில் புரை எடுத்து வீட்டில் சும்மா இருக்கிறவருக்கு வேறென்ன வேலை?

இனிமேல் நான் எழுதுவதைப் பிச்சைக்கனியின் கண்ணால் பாருங்கள். விடியுமுன்னே அவன் கடைச் சுவரோரம் ஒரு குழி. குழிக்குள் செப்புத் தகடு. உப்பு. கரி. பச்சைக் கயிறு. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, குளித்து ஈரமுண்டோடு, டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஒரு மனுஷன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்தில் ஊற்றுகிறார். அவர் முணுமுணுத்தது மந்திரம் இல்லை அண்ணே, கன்னிமூலை விஷயத்தில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அது பிச்சைக்கனிக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு அந்த வாரம் விடாத மழை, கடைத்தெருவில் யாருக்குமே வியாபாரம் இல்லை.

மிஷினை ஓட்டுவதாக இருந்ததற்கு முந்தின நாள் எர்த்து பார்க்கிற மீட்டரோடு சுஜின் வந்தான். மீட்டரை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான், தலையைச் சொறிந்தான்.

"சேச்சி, ஸ்விட்ச் போடண்டா. எர்த்து போயி."

"போச்சா? எங்க போச்சு?"

"அது அறியில்ல. பட்சே இங்க இல்ல."

உங்கள் மாப்பிள்ளை உடனே முன்னால் வந்தார். "ஏட்டி, நாங்க அந்தக் காலத்துல எர்த்தா பாத்தோம்? ஒரு கம்பிய எடுத்து சன்னல்ல கெட்டு, வேல நடக்கட்டு."

"அந்தக் காலத்துலதான் சிமெண்ட் மூட்ட மேல போய் விழுந்திய," என்றேன். முந்தானை முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன். ஒரு வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடி வேலையைக் குறிப்பிட்ட நாளில் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். ஸ்ரீலட்சுமி முகம் வாடிப்போனது. இருந்தாலும் அவளும், "அம்மா சொன்னதுதான் சரி அப்பா. எர்த்து இல்லாம நான் தொட மாட்டேன், கேட்டோ" என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டாள்.

பின்முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால் மண் கிளறிக் கிடக்கிறது. தோண்டினோம். தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத் துண்டுகள்! நேரே பிச்சைக்கனி கடைக்குள் போனேன். என்னைக் கண்டதும் அவன் எழுந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"பிச்சைக்கனி, எங்க தகடு எங்க?"

"கேக்கதுக்கு ஒங்களுக்கு எப்படிக்கா வாய் வருது? இத்தன வருசமா ஒரே செவத்துல சாஞ்சு கெடக்கோம். எனக்குப் போயிச் செய்வினை, கூடோத்திரம் வச்சிட்டியளே!"

"எர்த்துடே அது! வெல்டிங் மிஷினுக்கு!"

"மிசினுக்கு எதுக்குக்கா உப்பு? அது கஞ்சியா குடிக்கப் போவுது? நேத்துகூட இந்தக் கரண்டுத் தராசத் தொட்டேன், கை சுருக்குன்னு இழுக்கு. எல்லாம் ஒங்க தகடு செய்யித வேல!"

நான் பதிலுக்குக் கத்துவதற்குள் ஸ்ரீலட்சுமி என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, தராசு எப்ப இருந்து சுருக்குங்குது?"

"அது இருக்கும் ஒரு வருசம்."

"தகடு வச்சது போன வாரம் அல்லே?"

பிச்சைக்கனி தராசைத் திரும்பிப் பார்த்தான். சுஜின் மீட்டரை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குள் புகுந்தான். அவனுடைய எர்த்துக் கம்பியை யாரோ ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். போன வருஷம் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறார்கள். அன்று முதல் அந்தக் கடைக்கு எர்த்தே இல்லை. உங்கள் மாப்பிள்ளையைத் தூக்கி எறிந்தது எதுவோ, அதுதான் ஒரு வருஷமாகப் பிச்சைக்கனி கையையும் மெல்ல மெல்ல ருசி பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னவுடன் அவன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் கோபமெல்லாம் போய்விட்டது. தினமும் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றுதான் அவன் அரிசி நிறுக்கிறான்.

அவன் தோண்டியெடுத்த தகடு, எலுமிச்சம்பழப் பரிகாரம் சொன்ன நெடுமங்காட்டுப் பக்கத்து மந்திரவாதியிடம் போயிருந்தது. பிச்சைக்கனியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "இத்தனை கனத்த தகடு எண்டெ சர்வீசில் கண்டிட்டில்ல. வச்ச ஆள் சில்லறக்காரன் இல்ல. கடல்ல விடணும்" என்றார் மந்திரவாதி. "விடுங்க சாமி, சங்குமுகத்துக்குச் சேர்ந்து போவோம், நானும் பாக்கேன்" என்று அவர் வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தேன். மத்தியானம் வரை பார்த்தார். செப்பு விலை அவருக்கும் தெரியும்போல, மனசே இல்லாமல் உள்ளே போய்ப் பேப்பரில் சுற்றிய தகட்டைக் கொண்டுவந்து, "சக்தி முழுக்க எடுத்தாச்சு, கொண்டுபோயிக்கோ" என்றார். சக்தி போன அந்தத் தகட்டையே மறுபடி உப்பும் கரியும் போட்டு இறக்கினோம். சுஜின் மீட்டரை வைத்துப் பார்த்து, "சூப்பர் சேச்சி!" என்றான். பக்கத்திலேயே பிச்சைக்கனிக்கும் ஒரு குழி தோண்டி, அவன் கடைக்குத் தனியாக ஒரு தகடு வாங்கிப் புதைத்தான். இப்போது உங்கள் மாப்பிள்ளை இரண்டு குழிக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்.

நேற்றுக் காலை முந்தானையை அவிழ்த்துச் சாவியை ஸ்ரீலட்சுமி கையில் கொடுத்தேன். சுவரோரம் இருந்த சாக்கையெல்லாம் அப்புறப்படுத்தி, தீயணைப்பானையும் மணல் வாளியையும் கிட்டத்தில் வைத்து, வெளிச்சம் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் திரை கட்டி, காய்ந்த கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டாள். உங்கள் மாப்பிள்ளை பழைய பழக்கத்தில் மிஷினுக்குக் கரண்டு திரும்புகிற கவ்வியை எடுத்துக் கடை ஷட்டர் தூணில் மாட்டப் போனார். "அப்பா!" என்று ஒரு சத்தம், கையைத் தட்டிவிட்டு, பற்றவைக்கிற இரும்பிலேயே அதை மாட்டினாள். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு ஆரம்பித்தாள். முதலில் செய்தது எர்த்துக்குழிகளுக்கு இரண்டு இரும்பு மூடி. முடித்து முகமூடியைத் தூக்கினாள் பாருங்கள், வியர்த்து வழிகிற அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை பற்றுப் போட்ட இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "என்னோடத விட நல்லாத்தான் இருக்கு" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னார். எனக்குக் கேட்டது.

ஆகவே அண்ணே, பட்டறையைக் கொடுக்க மாட்டேன். நீங்கள் கோபப்பட்டாலும் சரி, கட்டடத்தைக் காலி செய் என்றாலும் சரி, நான் மிஷின் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவேன். நான் யாருக்கும் செய்வினை வைக்கவில்லை, அது வெறும் செம்பு, உப்பு, கரி என்பதைப் பால்பாண்டிக்கு மட்டும் தெளிவாக, நிதானமாக, ஒரு வரி விடாமல் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக வாருங்கள். மருமகள் வேலை செய்வதைத் தாய்மாமன் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெல்டிங் நடக்கிற இடத்துக்குக் கிட்ட வரக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை உங்களுக்குத் தெருவில் நாற்காலி. இதை நான் சொல்லவில்லை, கம்பெனிக்காரன் சொல்கிறான்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். பிள்ளையார் எல்லாரையும் ஷாக் இல்லாமல் காப்பாற்றட்டும்.

உங்கள் பாசமுள்ள தங்கை,
பொன்னம்மை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பால்பாண்டியே போன் செய்தார். சரக்கு எடுக்க நேற்றுச் சாலைக்கு வந்தாராம், கடைத்தெருவில் எல்லாம் கேள்விப்பட்டாராம். "பொன்னம்மக்கா, எனக்கு அந்தக் கட்டடம் வேண்டவே வேண்டாம். நான் பிள்ளகுட்டிக்காரன். அண்ணன்ட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார். அது வெறும் செம்பு, உப்பு, கரி என்று விளக்க வாயைத் திறந்தேன். ஸ்ரீலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆகவே அண்ணே, மேலே எழுதியதில் ஒரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், சுவரோரம் இப்போது இரண்டு தகடு இருக்கிறது, தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.