நோட்டு இரட்டிப்பவனை நானே அனுப்பினேன்

ஈஸ்டருக்குள் எங்கள் வீட்டுப் பெட்டிச் சாவியைக் கைப்பற்றிவிடுவது என்று சபதம் செய்தேன்.

எங்கள் வீட்டுக்கு நிதி மந்திரி என் மனைவி சிலுவையம்மாள். நான் இலாகா இல்லாத மந்திரி. துறைமுகத்தில் மூட்டை எண்ணிச் சம்பாதிப்பதை அப்படியே அவளிடம் கொடுப்பேன். அவள் எனக்கு டிராம் காசு கொடுப்பாள். வெற்றிலைக்குக் கேட்டால், "வாய் செவக்காங்காட்டி கப்பல் நின்னுடுமா?" என்பாள்.

அவளுக்குத் தெரியாத ஒரே சங்கதி என் ஓவர்டைம் பணம். கைக்கடிகாரம் வாங்குவதற்காக அதைத் துறைமுக ஷெட்டில் ஒரு தகர டப்பாவில் சேர்த்துவந்தேன்.

அப்போதுதான் ராயபுரத்தில் நோட்டு இரட்டிப்பவர்கள் கிளம்பினார்கள். நோட்டையும் வெள்ளைத் தாளையும் ஒட்டி மருந்துத் தண்ணீரில் போட்டால் இரண்டு நோட்டு ஆகுமாம். அடுத்த வீட்டு ஐரீன் ஐந்து கொடுத்தாள், பத்தாக வந்தது. மறுநாள் வளையலை அடகு வைத்து நூறு கொடுத்தாள். நூறும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

என் மூளை வேலை செய்தது. அபூர்வமாக வேலை செய்கிற மூளையாயிற்றே என்று உடனே அதன் பேச்சைக் கேட்டேன். ஷெட்டுக்குப் புதிதாக வந்திருந்த தேசப்பனைப் பிடித்தேன். சிலுவை அவனைப் பார்த்ததே இல்லை.

"மாமு, நீ நோட்டு டபுள் பண்றவன் மாரி எங்க வூட்டுக்குப் போ. மொதல்ல சின்ன நோட்டா வாங்கி டபுளாக்கிக் குடு. அதுக்கு நான் துட்டு தரேன். ஆசை வந்ததும் பெட்டில கீறதெல்லாம் கேளு."

"வாங்கிகினு?"

"எங்கையில குடுத்துடு. பாத்தியாமே, ஏமாந்துட்டியே, எடு சாவியன்னுடுவேன்."

"பாவம் மாமு, அந்தம்மா."

"பாவம் நானுடா! நோட்டு கீற எடத்துல நோட்டம் வேணும்னு அவளுக்குத் தெரிய வேணாம்?"

தேசப்பன் போனான். அவளிடம் ஐந்து வாங்கி, என் ஐந்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலம் ஒன்றும் தெரியாதவன் போல வீட்டில் கேட்டேன்.

"இன்னாமே, யார்னா வந்தாங்களா?"

"காத்துதான் வந்துச்சு. ஏன், நீ யாரையாச்சும் அனுப்பினியா?"

"நான் ஏன் அனுப்பறேன்?"

மறைக்கிறாள்! எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தூண்டிலைக் கவ்விய மீன் வாயைத் திறக்குமா?

அடுத்த நாள் தேசப்பன் வந்து நின்றான். "மாமு, இன்னைக்கிப் பத்து குடுத்தாங்க. இருவதா வேணுமாம்."

"பெட்டிப் பணத்தக் கேட்டியா?"

"கேட்டேன். இன்னொரு தபா பாத்துட்டுத் தரேன்றாங்க. இப்ப வுட்டா ஆசை பூடும்."

நியாயமாகத்தான் பட்டது. கொடுத்தேன். அதற்கப்புறம் சிலுவை மூலமாகப் பால்காரர் பத்து, சித்தி பத்து, கோயில்பிள்ளை பத்து என்று யார் யாருடைய பத்தோ வந்து இருபதாகிப் போயிற்று. "பொட்டி நெறைய கீது மாமு, என் கண்ணால பாத்தேன்" என்பான் தேசப்பன். கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு கரப்பான் பூச்சி விழுந்தது. கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

அன்று அவன் வெறுங்கையோடு வந்தான். "போதும்பா, போய்ட்டு வான்னுட்டாங்க மாமு."

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒரு கைவண்டி. உள்ளே ஒரு தையல் மெஷின். ஐரீன் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏதுமே இது?"

"செகண்ட்ஹேண்டுதான்யா. ஐரீனு தெப்பா, நான் காஜா எடுப்பேன். அவ வளையலயும் மீட்டுடலாம்."

"துட்டு?"

"நோட்டு டபுள் பண்றவன் ஒருத்தன் வந்தான். நல்ல மன்ஷன். குடுத்ததெல்லாம் டபுளாக்கிக் குடுத்தான். அப்பால பெட்டியோட குடும்மான்னான். நான் யோசிச்சேன். நோட்டு பண்ணத் தெரிஞ்சவன் அவன் வூட்ல குந்திகினு பண்ண வேண்டியதுதானே? இந்த வெயில்ல வந்து எங்கிட்ட இன்னாத்துக்கு நிக்கறான்? போய்ட்டு வாப்பான்னேன்."

"என் துட்டு!" என்று தொண்டை வரை வந்தது. எந்தத் துட்டு என்று கேட்பாளே! ஓவர்டைமை விழுங்கினேன். ஆனாலும் புருஷன் என்று ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? குரலை உயர்த்தினேன்.

"முன்பின் தெரியாதவன வூட்டுக்குள்ள சேக்கறியே, அறிவு கீதா? அவன் ஃபோர் ட்வென்ட்டிமே!"

"யாரு, தேசப்பனா?" என்றாள்.

உயர்த்திய குரலை அப்படியே இறக்கி வைத்தேன்.

"ரெண்டாம் நாளே எல்லாத்தையும் கக்கிட்டான்யா. பசியோட வந்தான். வறுத்த வஞ்சரம் ரெண்டு துண்டு வெச்சேன். அப்பால நான் சொல்லிக் குடுத்ததத்தான் உங்கிட்ட வந்து ஒப்பிச்சான்."

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்த வஞ்சரமும் என் ஓவர்டைம்தான்.