முள்ளுப்பாறையும் தாக்க அறிக்கையும்

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்த இடமும் ஒரு ரோடு வரவேண்டிய இடமும் ஒன்றாகிப் போய்விட்டன.

ரோடு சிங்கராசாவுக்கு. ஏரிக்குப் போகும்போது அவர் வளைந்து நடப்பதில்லை. பாறை முள்ளம்பன்றிகளுக்கு. குட்டிக்கு முதல் முள் உதிர்ந்ததும், அதை அந்தப் பாறையின் பிளவில் கூர் மேலே இருக்கும்படி நட்டுவைப்பார்கள். அடுத்த மழை அதை அடித்துக்கொண்டு போனால், அப்புறம் முளைக்கிற முள்ளெல்லாம் உறுதியாக முளைக்கும் என்று நம்பிக்கை.

கனகு என்கிற முள்ளம்பன்றி, மூத்த குட்டிகள் இரண்டுக்கும் நட்டுவிட்டாள். கடைக்குட்டி மொச்சைக்கு முதுகில் ஒரு முள் ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ விழும்.

ரோடு போடுவதற்கு முன்னால், பழைய சின்னங்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் அதனால் என்ன தாக்கம் என்று விசாரித்து அறிக்கை எழுதவேண்டும் என்பது காட்டுச் சட்டம். அதற்காக நரியார் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு டேப், கக்கத்தில் படிவக் கட்டு.

"செவ்வாய்க்கிழமை தாக்க மதிப்பீட்டுக் கூட்டம். எல்லாருக்கும் சொல்லிடு" என்று மைனாவை அனுப்பினார். மைனா பறக்கிற அவசரத்தில் ஒரு 'க்'கைத் தவறவிட்டது. காடு முழுக்கத் 'தாக மதிப்பீட்டுக் கூட்டம்' என்றே போய்ச் சேர்ந்தது.

தாகத்தை அளக்கப்போகிறார்கள் என்றதும், வறண்ட தொண்டையோடு போய் நின்றால் மரியாதையாக இருக்காது என்று எல்லாரும் ஓடையில் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"உங்களுக்குத் தாக்கம் உண்டா?" என்றார் நரியார்.

"துளிகூட இல்லைங்க" என்றது கரடி.

"குட்டிகளுக்கு?"

"எம்பிள்ளைங்களுக்குக் காலையிலயே ரெண்டு தடவை குடிக்கக் குடுத்தாச்சுங்க" என்று பெருமையாகச் சொன்னாள் கனகு.

நரியாருக்கு விளங்கவில்லை. விளங்காததை எழுதப் படிவத்தில் கட்டமும் இல்லை. 'தாக்கம்: இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் கனகு பாறைப் பக்கம் போனால், குரங்கு ஒன்று சுண்ணாம்பால் அதன்மேல் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"நாளைக்குக் காலையில உடைக்கிறோம் அக்கா. நீங்கதானே தாக்கம் இல்லைன்னு சொன்னீங்க?"

"அடப்பாவி, நான் தண்ணியைச் சொன்னேன்."

நரியார் பக்கத்திலேயே கடைசி அளவு எடுத்துக்கொண்டிருந்தார். கனகு மொச்சையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயா, இது எங்க முள்ளு நடுற பாறைங்க. தலைமுறை தலைமுறையா நட்டுக்கிட்டு வர்றோம்."

நரியார் பிளவுக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு முள்ளையும் காணோமே. ஆதாரம்?"

"மழை கொண்டுபோயிடும்ங்க. கொண்டுபோகணும். அதுதான் வழக்கமே."

"மழை கொண்டுபோனதுக்கு ரசீது இருக்கா?"

கனகுவுக்கு இப்போது உண்மையாகவே தாகம் எடுத்தது.

நரியார் டேப்பை நீட்டிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மொச்சை ஒரு தும்மல் போட்டது. முள் விழுந்தது. நாளைக்குப் பாறை இருக்காது, இன்றைக்கு இருக்கிறதே என்று கனகு அதை எடுத்துப் பிளவில் நட்டாள். கூர் மேலே, வழக்கப்படி.

அளந்து முடித்த நரியார், கையெழுத்துப் போடுவதற்குச் சவுகரியமான இடம் தேடித் திரும்பி வந்து, பின்பக்கமாகப் பாறைமேல் உட்காரப் போனார்.

"ஐயா, அதுல..." என்றாள் கனகு.

நரியார் கையை உயர்த்தினார். "கருத்துக்கேட்பு முடிஞ்சுபோச்சும்மா. இனி நீ சொல்ற ஒரு வார்த்தையையும் நான் காதுல வாங்கக் கூடாது. சட்டம்."

சட்டத்தை மதிக்கிற குடும்பம். கனகு வாயை மூடிக்கொண்டாள்.

நரியார் உட்கார்ந்தார்.

அவர் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்குகள் ஒன்று பாக்கியில்லாமல் எழும்பிவிட்டன.

"என்னம்மா இது?" என்றார், வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

"தாக்கம்ங்க ஐயா" என்றாள் கனகு.

நரியார் பழைய அறிக்கையைக் கிழித்தார். புதியதை நின்றுகொண்டே எழுதினார்: 'பாரம்பரியம் உயிரோடு இருக்கிறது. தாக்கம் மிகக் கடுமை. நேரடியாக ஆய்வுசெய்து உறுதிசெய்யப்பட்டது.' ரோடு பாறையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சிங்கராசாவும் வளைந்து நடக்கப் பழகிக்கொண்டார்.

நீதி: அதிகாரிக்குப் புரியாத பாரம்பரியம் என்று ஒன்றும் இல்லை, கூர் மேலே இருக்கவேண்டும், அவர் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.