இரண்டாம் பம்புக்கு மூன்று வைத்தியம்

அதிர்வு அளக்கும் கருவி ஒன்பது என்று காட்டியதும் கிறிஸ்தோபர் மறுபடி வைத்து அளந்தார். நேற்று ஏழுதான் காட்டியது. அதிர்வு நாலரையைத் தாண்டினாலே ஆபத்து. அதுவும் நேற்றுப் பின்னேரம் அவருடைய சொல்லை நம்பித்தான் பம்பின் பேரிங்கை மாற்றியிருந்தார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தொழிற்சாலையில், கடல்நீர் இறைக்கும் ஐந்து பம்புகள் வாசலிலிருந்து கடலை நோக்கி ஒரே வரிசையில் நின்றன. ஒன்று சரியில்லை என்று கிறிஸ்தோபரை அழைத்திருந்தார்கள். இயந்திரத்தின் அதிர்வை அளந்து அதற்கு என்ன வருத்தம், என்ன பழுது என்று சொல்வது அவர் தொழில். இருபத்திரண்டு வருட அனுபவம். ஆனால் சொந்தமாகத் தொடங்கி நாலு மாதம்தான். சனிக்கிழமை கப்பல் வருவதற்குள் பம்ப் சரிவந்தால், இங்குள்ள எல்லா இயந்திரங்களும் அவர் பொறுப்பில் வரும். வராவிட்டால், இருக்கிற பேரும் போகும்.

முதல் நாளே வாசல் பக்கத்திலிருந்து ஐந்தையும் அளந்து, "இரண்டாம் பம்ப். பேரிங் பழுது" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். கழற்றிப் பூட்டும் இடத்தில் நிற்பது அவர் பழக்கமில்லை. மருந்து எழுதிய டாக்டர் மருந்துக் கடையில் போய் நிற்பாரா?

ஒன்பது காட்டிய அன்று, கழற்றிப் பூட்டும் ஃபிற்றர் றம்ஸான் பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு அவருடைய அறைக்கு வந்தார்.

"சேர், இது புதுசு மாதிரியெல்லோ இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாது றம்ஸான். இருபத்திரண்டு வருஷமா இதுதானே என்ர வேலை?"

"அதுவும் சரிதான் சேர்."

"மோட்டரும் பம்பும் ஒரே நேர்கோட்டில இல்லைப் போல. நேராக்குங்கோ."

பின்னேரம் றம்ஸான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மயிரளவும் விலகேல்ல சேர். எண்டாலும் நீங்கள் சொன்னபடியால கழட்டித் திருப்பிப் பூட்டினனாங்கள்."

மறுநாள் காலை பதினொன்று.

கிறிஸ்தோபர் கருவியைத் தட்டிப் பார்த்தார், வயரை மாற்றினார், மாதாவைக் கூப்பிட்டார். பதினொன்று அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி மெலனியின் அழைப்பு.

"வேலை சரிவந்திட்டுதா?"

"வந்துகொண்டிருக்கு."

"ஏன் உங்கட குரல் நடுங்குது?"

"பம்புக்குப் பக்கத்தில நிக்கிறன்."

மனேஜர் ஹிஸ்புல்லா அவருக்கு உட்காரக் கதிரை காட்டவில்லை. "நீங்கள் கைவைக்க முதல் அது ஏழிலயாவது நிண்டது, கிறிஸ்தோபர். இன்னும் ஒரு நாள்தான் தர ஏலும்."

கிறிஸ்தோபர், பம்புக்குள் சுற்றும் சக்கரம்தான் சமநிலை தவறிவிட்டது, வேறு வழியே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். சக்கரத்தைக் கழற்றி ஓட்டோவில் டவுன் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

"பட்டறைக்காரன் சிரிச்சவன் சேர்" என்றார் றம்ஸான். "சக்கரம் அச்சொட்டா நிக்குதாம்."

"சிரிக்கட்டும். நீங்கள் பூட்டுங்கோ."

வியாழக்கிழமை காலை பதின்மூன்று.

கிறிஸ்தோபர் கருவியைக் கீழே வைத்தார். கற்ற தொழிலே மறந்துவிட்டதோ என்று முதல் முறையாகப் பயந்தார். கேவலமாக இருந்தது. இன்று என்ன நடந்தாலும், கழற்றும்போது பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, கொதித்துக்கொண்டிருந்த இரண்டாம் பம்பின் அருகிலேயே நின்றார்.

றம்ஸான் சாமான் பெட்டியோடு வந்தார். சலாம் சொன்னார். அவரைக் கடந்து, அடுத்த பம்பையும் கடந்து, அதற்கும் அப்பால் இருந்த பம்பின் முன்னால் குந்தி நட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"றம்ஸான்! அங்க என்ன செய்யிறீங்கள்? ரெண்டாம் பம்ப் இதெல்லோ!"

றம்ஸான் நட்டுச் சாவியோடு திரும்பிப் பார்த்தார்.

"அது நாலாவது சேர், நாங்கள் கடல் பக்கத்தாலதான் எண்ணுறது. நாலாவதில பேரிங் போயிட்டுதெண்டு எங்களுக்குப் போன மாசமே தெரியும். பெரிய அனுபவசாலி நீங்கள் ரெண்டாவதெண்டு எழுதினபடியால, பிழை எங்களிலயாக்கும் எண்டு பேசாம இருந்தனாங்கள்."