மாமனார் கண் திறக்கவில்லை

கிர்கிஸ் நாட்டுக் கரகோல் நகரத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்துவிடுவதென்று ஜுமாதில் வாத்தியார் தீர்மானித்தார். கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸை வெளியேற்றிவிட்டு, தெமிர் என்ற லினக்ஸைக் குடியமர்த்துவது. தலைநகர் பிஷ்கெக்கில் சில இளைஞர்கள் சேர்ந்து செய்தது அது. அதைப் பயன்படுத்தும் உலக ஜனத்தொகை முழுவதையும் ஒரே கூடாரத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிடலாம். பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற மனிதருக்குக் கூட்டம் பிடிக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் வெளியே சொல்லவில்லை. காலமான அவருடைய தகப்பனார் பெயரும் தெமிர். இரும்பு என்று அர்த்தம். கிர்கிஸ் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள்; அவர் மனைவி அனார்கான் கல்யாணமான நாளிலிருந்து இரும்பையே 'கெட்டியானது' என்றுதான் சொல்லிவருகிறாள். பெயர் சொல்ல முடியாத ஒன்றை ஒருத்தி எப்படித் திட்டுவாள்?

அனார்கான் திட்டவில்லை. மரியாதை கொடுத்தாள்.

"ஏங்க, மாமா இன்னும் எந்திரிக்கலையா?"

"எந்திரிச்சிட்டிருக்கு. கொஞ்சம் பொறு."

"பாவம், வயசானவர். நான் டீ போட்டுட்டு வரேன், அதுக்குள்ள எந்திரிச்சுடுவார்."

"இது புத்தம்புதுசு, அனார்கான். வெளிவந்து மூணு மாசம்தான் ஆகுது."

"மூணு மாசக் குழந்தையா? அதான் இந்தத் தூக்கம் தூங்குது."

தெமிரின் கடிகாரம் மாஸ்கோ நேரம் காட்டியது. மாமா ஊருக்குப் போயிருக்கார் போல என்றாள். பிரிண்டர் ஒவ்வொரு பக்கத்தையும் தலைகீழாகத் துப்பியது. மாமாவுக்குத் தலை சுத்துது என்றாள். வாத்தியார் தெமிரின் இணைய மன்றத்தில் "என் அனுபவம்: மிகத் திருப்தி" என்று எழுதினார்.

பேரன் அக்ஜோல் நடக்கத் தொடங்கியதும்தான் விஷயம் தீவிரமானது. சனிக்கிழமை பிஷ்கெக்கில் மகள் சினார் வீட்டில் கால்கயிறு வெட்டும் விழா. குழந்தையின் கணுக்காலிரண்டையும் கறுப்பும் வெள்ளையும் திரித்த நூலால் கட்டி நிறுத்துவார்கள். ஓடி முதலில் வருகிறவர் அதை வெட்டிவிடவேண்டும். வெட்டியவரின் நடைதான் குழந்தைக்கு வரும் என்பார்கள். இந்தத் தடவை தாத்தாக்கள் இரண்டு பேரும்தான் ஓடவேண்டும் என்று சினார் சொல்லிவிட்டாள்.

வாத்தியாருக்கு இடதுகால் நொண்டும். ஒரு குளிர்காலத்தில் பள்ளிக்கூடக் கூரைப் பனியை வழிக்க ஏறி, பனியோடு சேர்ந்து இறங்கிய கால். அந்த நடை பேரனுக்கு வேண்டாம் என்று நினைத்தார். நினைத்ததைச் சொல்லவில்லை.

"எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? வீடியோவுல பாத்துக்கலாம். புதுசுல படம் கண்ணாடி மாதிரி தெரியும்."

"சரிங்க," என்றாள் அனார்கான்.

அனார்கான் உடனே 'சரி' சொன்னால் ஏதோ நடக்கப்போகிறது. இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கற்றிருக்கவேண்டும். ஆனால் அது பௌதிகப் பாடத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை கேமரா வேலை செய்யவில்லை. தெமிர் அப்படி ஒரு பொருள் இருப்பதையே மறுத்தது. வாத்தியார் மன்றத்தில் முறையிட்டார். ஓஷ் நகரத்து இளைஞன் ஒருவன், "ஒயர் மாட்டியிருக்கா ஐயா?" என்று பணிவாகக் கேட்டான். வாழ்நாளெல்லாம் மின்சாரம் கற்பித்தவரிடம் கேட்கிற கேள்வியா? மின்னோட்டம் என்றால் என்ன என்பதில் தொடங்கி அவர் ஒரு நீண்ட பதில் எழுதினார். பையன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

"மாமா கண்ணு திறந்தாரா?"

"திறப்பார். ஒரு கட்டளை போட்டிருக்கேன்."

"மாமாவுக்கே கட்டளையா? இருந்த காலத்துல அவர் எதிர்ல கால் நீட்டக்கூட மாட்டீங்களே."

"அனார்கான், எனக்கு வேலை இருக்கு."

"செய்யுங்க, யாரு வேண்டாம்னா. வெள்ளிக்கிழமை காலையில பிஷ்கெக் போற வண்டியில ரெண்டு இடம் சொல்லி வச்சிருக்கேன். அவர் கண்ணு திறந்துட்டா வேண்டாம்னு சொல்லிக்கலாம்."

வியாழக்கிழமை முழுவதும் வாத்தியார் கட்டளையிட்டார். தெமிர் இரும்பாகவே இருந்தது. சமையலறையில் அனார்கான் போர்சோக் மாவுப் பலகாரம் பொரித்து மூட்டை கட்டினாள்.

வெள்ளிக்கிழமை மேல்கோட்டு மாட்டி வாசலுக்கு வந்தபிறகு அவள் சொன்னாள்: "மாமாவை அப்படியே விட்டுட்டு வரீங்களே. பெட்டிக்குப் பின்னால இருக்கிற சுவிட்சை அணைச்சுட்டு வாங்க."

மேஜைக்குப் பின்னால் அவர் சிரமப்பட்டுக் குனிந்தார். கேமரா ஒயர் கழன்று கிடந்தது. கழன்றது மட்டுமில்லை, அழகாகச் சுருட்டி, கறுப்பும் வெள்ளையும் திரித்த நூலால் முடிச்சுப் போட்டும் இருந்தது. எந்த ஒயரும் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. அவ்வளவு பௌதிகம் அவருக்குத் தெரியும்.

இப்போது மாட்டினால் போதும். தெமிர் கண் திறந்துவிடும். வண்டியை அனுப்பிவிடலாம். அவர் அந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் குனிந்தபடியே இருந்தார். வாசலிலிருந்து அவசரப்படுத்தும் குரல் வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

"என்னங்க இவ்வளவு நேரம்?"

"தூசி."

பிஷ்கெக் போகும் வழியில் ஏரிக்கரை நெடுக வாத்தியார் தனக்குள் சிரித்தபடி வந்தார். கையும் களவுமாகப் பிடித்தும் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது.

சனிக்கிழமை தாத்தாக்கள் ஓடினார்கள். சம்பந்தி இன்றைக்கும் பனிச்சறுக்குப் போகிற ஆள். பாதிவழியில் அவர் நின்று, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தார். அது கயிறே இல்லாத பூட்ஸ். வாத்தியார் நொண்டியபடியே அவரைக் கடந்துபோய் நூலை வெட்டினார். அக்ஜோல் இடதுபக்கம் சாய்ந்து நாலு எட்டு வைத்து, தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வயசுல எல்லாக் குழந்தையும் இப்படித்தான்பா சாயும்," என்றாள் சினார். வாத்தியார் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

விருந்து முடிந்து அனார்கான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது பெருந்தன்மை தாங்கவில்லை அவருக்கு.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஒயரை நான் பாத்துட்டேன். பாத்தும் மாட்டாமத்தான் வந்தேன், என் இஷ்டமா."

அவள் வெட்கப்படுவாள் என்று காத்திருந்தார். அனார்கான் அவர் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள்.

"இழுத்துட்டு வந்திருந்தா நீங்க ஓடியிருக்கமாட்டீங்களே," என்றாள். "அந்தச் சுவிட்சை நம்ம வீட்டுல என்னைக்காவது யாராவது அணைச்சிருக்கோமா?"