வண்டிக்குள் ஒரு டிங்

"டிங்" என்றது வண்டி.

டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். ஒன்றுமில்லை. மெல்ல நகர்த்தினார். மறுபடியும் டிங்.

ராணுவ முகாமுக்கு வெள்ளோட்டத்துக்காக வந்திருந்த ஹைபிரிட் வண்டி அது. டீசலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பேட்டரிக்கு மாற்றிவிட்டால் பூனை நடக்கிற மாதிரி போகும். நாளைக் காலையில் கர்னல் தலைமையில் ஒரு குழு அதைச் சோதிக்கப்போகிறது. குழுவிலிருந்த கணக்கு அதிகாரி முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார். விலை பழைய வண்டியைப் போல இரண்டு மடங்கு. டீசல் மிச்சமாவது வாஸ்தவம், முகாமுக்கு விளக்குப் போட வண்டியிலிருந்தே கரண்ட் எடுக்கலாம் என்பதும் வாஸ்தவம். ஆனால் பேட்டரி மாற்றுகிற செலவில் அந்த லாபமெல்லாம் கரைந்துபோகும். எதிரியின் காதில் விழாமல் போகுமென்றால் வாங்கலாம், இல்லையென்றால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம்.

வண்டி தேறினால் டிரைவரும் தேறினார். இதை ஓட்டக் கற்றுக்கொடுக்க அவரைப் பயிற்சி மையத்துக்கு மாற்றுவதாகக் கர்னல் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஊரில்தான் டிரைவரின் மனைவி நர்ஸாக வேலை பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தான். அதை முகாமே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. டிரைவரின் குரல் அப்படி. அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

வீடு பார்த்து வை என்று அவர் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தார். வண்டி முதலில் பாஸாகட்டும் என்று அவள் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"டீசல் வண்டியில இதெல்லாம் தெரியாதுண்ணே. எஞ்சின் போடுற கூச்சல்ல கதவே கழண்டு விழுந்தாலும் கேக்காது. இதுல எறும்பு ஏப்பம் விட்டாக்கூடக் கேக்கும்."

முதலில் சந்தேகம் வண்டிக்குள் கிடந்த தகர டம்ளர் மேல் விழுந்தது. அதைத் தூக்கி எறிந்தார்கள். டிங் போகவில்லை. சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்தான் என்று மெக்கானிக் ஒரு டப்பா எண்ணெயையும் அதன் தலையில் கவிழ்த்தார். எண்ணெய் சீட்டுக்கும் ஏறிவிட்டது. அடுத்த முறை பிரேக் போட்டபோது ஹாரன் வழுக்கிக்கொண்டு போய் ஸ்டீயரிங்குக்குக் கீழே உட்கார்ந்தார். அங்கிருந்து கேட்டபோது டிங் இன்னும் தெளிவாக இருந்தது.

ஸ்டோர்காரர் பழைய கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சந்து பொந்தெல்லாம் அடைத்தார்கள். பேட்டரிக்குக் காற்று போகிற வழியும் அதில் அடைபட்டுவிட்டது. சூடு ஏறி, அதைத் தணிக்கிற ஃபேன் போட்ட இரைச்சலில் வாசல் காவலர் விமானம் வருகிறதென்று தரையில் படுத்துவிட்டார்.

கம்பளியை உருவினார்கள். போதாததற்கு ஜாக்கி, ஸ்டெப்னி, கருவிப்பெட்டி என்று ஆடக்கூடிய அத்தனையையும் இறக்கினார்கள். பாரம் குறைந்ததும் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் துள்ள ஆரம்பித்தது. டிங் என்றிருந்தது டிங்டிங் என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியதுதான் மிச்சம்.

"வந்த அன்னைக்கு இந்தச் சத்தம் இல்லையே," என்றார் ஹாரன். அழாத குறை.

வந்த அன்றைக்குக் கர்னலைப் பக்கத்தில் உட்காரவைத்து முகாமைச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். வண்டி போனது ஒருவருக்கும் கேட்கவில்லை. ஸ்டோருக்குள் ஸ்டோர்காரர் கம்பளிக் கட்டின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சமையலறைக்குப் பின்னால் சமையல்காரரும் வாசல் காவலரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம், கர்னல் அந்த நேரம் பார்த்து வானத்தை அண்ணாந்து பார்த்துப் பலமாக இருமிக்கொண்டிருந்தார். இருமல் சத்தத்தில் மூவரும் அலறியடித்து எழுந்து தொப்பியைத் தேடினார்கள். அன்றிலிருந்து அந்த மூன்று பேரும் இந்த வண்டியைக் கண்டால் முகம் கொடுப்பதே இல்லை.

ஹாரனுக்கு இப்போது பொறி தட்டியது. ஆனால் அதற்குள் சோதனை நேரம் வந்துவிட்டது.

மைதானத்தில் குழுவினர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். கர்னலின் ஆர்டர்லி, தலை நரைத்த சாதுவான மனிதர், எல்லாருடைய கண்ணையும் கைக்குட்டையால் கட்டினார். வண்டிச் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஹாரன் கிளம்பினார். வண்டி நிழல் மாதிரி நகர்ந்தது. தொண்டை அரித்தது, இருமலை விழுங்கினார். நாற்காலிகள் நெருங்க நெருங்க இதயம் அடித்துக்கொள்வதே வெளியே கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

டிங்.

கணக்கு அதிகாரியின் கை எழும்பியது.

"ஏதோ கேட்டுச்சே."

"டீ கிளாஸ்ல ஸ்பூன் பட்ட சத்தம்," என்றார் கர்னல். "இந்தச் சமையல்காரருக்கு நேரம் காலமே கிடையாது."

தூரத்தில் வெறுங்கையோடு நின்றிருந்த சமையல்காரர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கணக்கு அதிகாரியின் கை இறங்கியது.

ஹாரன் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், வந்துட்டேன்," என்றார். அவருக்கு அதுதான் ரகசியக் குரல். கணக்கு அதிகாரி நாற்காலியோடு கவிழ்ந்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முதல் வண்டி கர்னலின் உபயோகத்துக்கு என்றும் முடிவானது.

ஹாரன் போனை எடுத்தார். "வீடு பாரு," என்ற சொல் மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. அந்தப் பக்கம் அவள் சிரிப்பதும் அழுவதுமாக இருந்தாள். மெதுவாகப் பேசச் சொன்னாள், இந்தக் குரலைக் கேட்டால் யாரும் வீடு கொடுக்க மாட்டார்களாம்.

சந்தோஷம் ஒருபக்கம் இருந்தாலும் அந்த டிங் அவரை விடவில்லை. மெக்கானிக்கோடு சேர்ந்து கதவின் உள்பலகையைக் கழற்றினார். உள்ளே, ஷூ லேஸில் கட்டித் தொங்கியது ஒரு குட்டிப் பித்தளை மணி.

ஹாரன் அதை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் பாய்ந்தார். தன் குடும்பத்தில் மண்ணைப் போடப் பார்த்தீர்களே என்று அவர் கத்திய கத்தலில் தட்டுகள் அதிர்ந்தன.

"சத்தியமா நாங்க இல்லப்பா," என்றார் சமையல்காரர். "கட்டணும்னு நெனச்சது உண்மை. மணி வாங்கக்கூடப் போனோம். அதுக்குள்ள வண்டி தானாவே டிங்னுச்சு. சரி, கடவுள் இருக்காருன்னு விட்டுட்டோம்."

கர்னலுக்கு டீ எடுத்துப்போக வந்திருந்த ஆர்டர்லி, ஹாரனின் கையிலிருந்து மணியை மெதுவாக வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"திரும்பக் கட்டிடுறேன் தம்பி. அய்யா தன் கையால கட்டுனது. 'நான் வர்றது கேக்கலைன்னா நீங்கல்லாம் தூங்குறதை நான் பாத்துத் தொலைக்கணும். பாத்தா நடவடிக்கை எடுக்கணும். அப்புறம் நான் எப்பய்யா தூங்குறது'ன்னாரு."