பாயசக் குளம்

ஒரு காட்டில், கழுதைப்புலிக்குக்கூடச் செல்போன் வந்துவிட்ட காலத்தில், ஓர் ஆமை தேர்தலில் நின்றது. ஆசைப்பட்டு நிற்கவில்லை. அது குடியிருந்த குளம் சேறு மண்டிக் கணுக்கால் அளவுக்கு வற்றிவிட்டது. மழைக்கு முன்னால் தூர்வாராவிட்டால் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். வீடு முதுகிலேயே இருந்தாலும், இறக்கிவைக்க இடம் வேண்டுமே.

எதிர்த்து நின்றது நரி. ஆலமரத்தடிக் கூட்டத்தில் அது சொன்னது:

"என்னை ஜெயிக்க வையுங்க, குளத்துல பாயசம் ஓடும். குளம் வத்துனதே இந்த ஆமையாலதான். ஒரே ஆளா குடிச்சுத் தீர்த்துட்டாரு."

கைதட்டலில் கூடு கலைந்தது என்று காக்கை சண்டைக்கு வந்தது.

ஆமை எழுந்தது. "எனக்கு மழையை வரவைக்கத் தெரியாதுங்க. ஆளுக்கு ரெண்டு கூடை சேறு அள்ளுனா பத்து நாள்ல தூர்வாரிடலாம்."

பேசிவிட்டு நேரே முள்ளம்பன்றியிடம் போனது. மேடைப்பேச்சில் ஒழுக்கம் பார்க்கும் அலுவலர் அதுதான். தன் முள்ளையே பிடுங்கிப் படிவம் எழுதும்.

"ஐயா, நரி என்மேல அபாண்டம் பேசிட்டாரு."

"விசாரிச்சுடலாம். ஒரு பேச்சை எத்தனை பேர் நம்புறாங்களோ, அத்தனை கெடுதல். மூணு பேருக்கு மேல போனா வேட்பாளர் பேரை அடிச்சுடுவேன்."

ஆமைக்கு உயிர் வந்தது.

முள்ளம்பன்றி கூட்டத்தைப் பார்த்தது. "பாயசம் ஓடும்னு நம்புனவங்க கை தூக்குங்க."

கரடி, கொண்டுவந்திருந்த கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. "எங்களைப் பார்த்தா முட்டாளாட்டம் தெரியுதா?" என்றது மயில்.

"ஆமை குடிச்சாருன்னு?"

சற்றுமுன் ஆமையின் ஓட்டில் 'தண்ணித் திருடன்' என்று கரியால் எழுதிய குரங்கு, வானத்தைப் பார்த்தது.

"ஒருத்தரும் நம்பல, அதனால நரி பேச்சுல குத்தமில்ல. விதி ரெண்டு பேருக்கும் பொது. ஆமை சொன்னதை நம்புனவங்க?"

காடே கை தூக்கியது. யானை தும்பிக்கையையும் சேர்த்துத் தூக்கியது. ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

"முந்நூத்திப் பன்னண்டு," என்று எண்ணி முடித்தது முள்ளம்பன்றி. "என் சர்வீஸ்ல இவ்வளவு பெரிய குத்தம் பார்த்ததில்ல."

"ஐயா, நான் சொன்னது நெசம்."

"இருக்கலாம் ஆமையாரே. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

ஆமையின் பேரை முள் ஒரே கோடாக அடித்தது.

நரி வந்து ஆமையின் முதுகோட்டைத் தடவிக்கொடுத்தது. "அனுபவம் பத்தலண்ணே. மேடையில போய் நம்புற மாதிரியா பேசுவாங்க?"

கூட்டம், பாயசத்தில் முந்திரி உண்டா என்று கேட்டுக்கொண்டே நரியின் பின்னால் போனது. முள்ளம்பன்றி படிவத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. கடைசியாக ஆமையும் பக்கத்துக் காட்டைப் பார்த்து நடந்தது. கண்ணைவிட்டு மறைய அதற்கு மூன்று நாள் ஆயிற்று.

நீதி: உண்மை பேசுவதில் தப்பில்லை, யாரும் நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.