பாங்குனுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

“இவனுடைய மொழி உனக்குத் தெரியும்தானே?” என்று கேட்டார் சிஞ்ஞோர் லோ வெர்தே.

கொன்ஸ்ரன்ரைன் தரை துடைக்கும் துணியோடு நிமிர்ந்தான். அவன் மன்னார்க்காரன். பலேர்மோவில் சிஞ்ஞோரின் வீட்டைத் துப்புரவாக்குவது அவன் வேலை. சிஞ்ஞோரோ அந்த நகரத்துச் சின்னக் காற்பந்துக் கழகம் ஒன்றின் தலைவர். அவருக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் பாங்குன், இந்தோனேசியாவின் பெயர்பெற்ற முன்கள வீரன். அவன் அடித்த கோல்களுக்காக அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு அவன் பெயரை வைத்தார்களாம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் அந்தக் கோடையில் கழகத்தின் சோதனை ஆட்டங்களுக்கு வந்திருந்தான். வந்ததிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை இல்லை.

சிஞ்ஞோரைப் பொறுத்தவரை ஆசியா முழுவதும் ஒரே தெரு. அவர் தயவு இல்லாமல் கொன்ஸ்ரன்ரைன் தன் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது.

“தெரியும், சிஞ்ஞோர்” என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

“எந்த இடத்தில் விளையாட விருப்பம் என்று கேள்.”

கொன்ஸ்ரன்ரைன் பாங்குன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். “தம்பி, உம்மட பாசை எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. தெரியாதெண்டு சொன்னால் என்ரை வேலை போயிடும். நீர் உம்மட பாசையிலை ஏதாவது சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

பாங்குன் திகைத்துப் பார்த்தான். கண் கலங்கியது. பிறகு தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னான்.

“எங்கே விட்டாலும் விளையாடுவாராம்.”

பயிற்றுநருக்கு அது போதும். முதல் சோதனை ஆட்டத்தில், பின்வரிசையில் ஆள் குறைவு என்று பாங்குனை அங்கே நிறுத்தினார். பழக்கதோசம், பந்து காலில் பட்டதும் கண்ணில் தெரிந்த வலைக்குள் அடித்துவிட்டான். அது சொந்த வலை.

“என்ன நடந்தது இவனுக்கு?” சிஞ்ஞோரின் முகம் சிவந்தது.

“முழங்கால் நோகிறதாம்” என்று காப்பாற்றினான் கொன்ஸ்ரன்ரைன்.

வைத்தியர் வந்து நல்ல முழங்காலுக்குப் பெரிய கட்டாகப் போட்டார். நகரத்தின் கால்சாப் பகுதியில் கழகம் எடுத்துக் கொடுத்திருந்த அறையை விட்டு ஒரு கிழமை அசையக் கூடாது என்றார்.

கொன்ஸ்ரன்ரைனுக்கு மனம் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் மனைவி றோசமலர் கட்டித் தந்த புட்டையும் மீன்குழம்பையும் கொண்டுபோனான். பாங்குன் குழைத்துச் சாப்பிட, பக்கத்தில் இருந்து கதைத்தான். விளங்காத ஆளிடம் கதைப்பதிலும் ஒரு சுகம் இருந்தது.

“என்னாலைதான் தம்பி நீர் படுத்துக் கிடக்கிறீர். இஞ்சை வந்த புதுசிலை நானும் இப்பிடித்தான். கதைக்க ஆளில்லாமல் பல்லாரோச் சந்தையிலை மீனோடை கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். அதுகளுக்கும் என்ரை இத்தாலியன் விளங்கேல்லை.”

பாங்குன் புரைக்கேறும்வரை சிரித்தான். எல்லாம் தன் முகபாவத்தின் திறமை என்று கொன்ஸ்ரன்ரைன் நினைத்துக்கொண்டான்.

கட்டு அவிழ்ந்ததும், “முன்னுக்கு விட்டால்தான் சரிவருமாம்” என்று சிஞ்ஞோரிடம் துணிந்து சொன்னான். அடுத்த சோதனை ஆட்டத்தில் பாங்குன் இரண்டு கோல் அடித்தான். சிஞ்ஞோர் ஓடிவந்து கட்டிப்பிடித்தது கொன்ஸ்ரன்ரைனை.

“வருடம் முழுக்க இங்கேயே இருக்கச் சொல்.”

“தம்பி, எனக்காக இருக்க வேண்டாம். வீட்டு நினைவெண்டால் நீர் போம்” என்றான் கொன்ஸ்ரன்ரைன் தமிழில்.

பாங்குன் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினான். அது ஓமா இல்லையா என்று பிடிபடவில்லை.

“அம்மாவைக் கேட்க வேண்டுமாம்.”

சிஞ்ஞோர் உடனே கழக அலுவலகத்துத் தொலைபேசியில் இந்தோனேசியாவுக்கு அழைத்தார். பாங்குன் தாயோடு சுவரைப் பார்த்துக் குசுகுசுத்துவிட்டு றிசீவரைக் கொன்ஸ்ரன்ரைனிடம் நீட்டினான்.

“தாயிடம் நீயே விளக்கிச் சொல்” என்றார் சிஞ்ஞோர்.

பெர்மெஸ்ஸோ போயே போய்விட்டது என்று கொன்ஸ்ரன்ரைன் முடிவுகட்டினான். “ஹலோ” என்றான்.

“கான்ஸ்டன்டைன் தம்பிங்களா? நான் பாங்குனோட அம்மா. பொறந்தது வளந்தது எல்லாம் இங்க இந்தோனேசியாவுல, மேடான்லதான். ஆனா நான் தமிழச்சி.”

கொன்ஸ்ரன்ரைன் கதிரையில் இருந்துவிட்டான். பாங்குன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப அம்மா, நான் அவரோடை கதைச்சதெல்லாம்...”

“வீட்டுக்கு வந்துடறேன்னு ஃபோன்ல அழுதுக்கிட்டிருந்தவன், இப்ப அங்கயே இருக்கறேங்கறான். நீங்க நல்லா இருக்கணும் தம்பி. புரியுதுன்னு தெரிஞ்சா நீங்க பேசறதை நிறுத்திடுவீங்களோன்னு பயந்துதான், அவன் தமிழ்ல வாயே தொறக்கலை.”